நாயின் ரத்தத்தில் புழு, அம்மாவுக்குக் கால் வீக்கம்: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறோம். அம்மாவுக்கு வயது 56. இரண்டு வருடமாக இடது கால் வீங்கியிருக்கிறது. அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்து தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. பகல் 11 மணிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ‘ஃபைலேரியா (யானைக்கால் நோய்ப் புழு) இல்லை’ என்று வந்தது. எங்கள் நாயின் ரத்தத்திலோ மைக்ரோஃபைலேரியா, அதாவது ஃபைலேரியா வகைப் புழுவின் குஞ்சுகள், இருக்கிறதாம். அதனிடமிருந்துதான் வந்ததா? நாயைக் கொண்டுபோய் விட்டுவிடலாமா?

பதில்: நாயை விட வேண்டாம், அம்மாவின் கால் வீக்கத்துக்கு அது காரணமில்லை. சென்னையில் யானைக்கால் நோயை உண்டாக்குவது உச்சரேரியா பான்கிராஃப்டி என்ற புழு. அது மனிதரிடம் மட்டுமே வளரும், நாயிடம் தங்காது. ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோவது சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு.

பகலில் எடுத்த ரத்தத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இந்தப் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரலின் நுண்குழாய்களில் பதுங்கியிருந்து, கியூலெக்ஸ் கடிக்கும் நேரத்துக்குத் தோலடி ரத்தத்துக்கு வருகின்றன. அதனால் இரவு 10 மணியிலிருந்து 2 மணிக்குள் விரல் நுனியில் ரத்தம் எடுத்துத் தடித்த பூச்சாகப் பார்க்க வேண்டும். இரவில் முடியாதென்றால், புழு வெளியிடும் பொருளை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் ஆன்டிஜென் பட்டைச் சோதனை இருக்கிறது. அதற்கு நேரம் காலம் இல்லை. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: கால் வீங்கியவர்கள் பலரிடம் அதற்குள் புழு செத்திருக்கும், நிணநீர் நாளம் கெட்டது மட்டும் மிஞ்சியிருக்கும். அப்போது இரவு ரத்தத்திலும் ஒன்றும் தெரியாது. எனவே இதயம், சிறுநீரகம், காலின் ரத்தக்குழாய்கள் ஆகியவற்றையும் மருத்துவர் சோதித்துப் பார்க்கட்டும். கெண்டைக்கால் திடீரென வலித்து வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அது ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

யானைக்கால் நோய்க்குத் தரும் டிஇசி (DEC) மாத்திரை புழுவைக் கொல்லும். வீங்கிய காலை வற்ற வைக்காது. இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பலர் மாத்திரையை நம்பிக் காலைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மறுபடி மறுபடி வரும் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் புழு அல்ல, விரலிடுக்குச் சேற்றுப்புண் வழியாக நுழையும் பாக்டீரியா. ஒவ்வொரு காய்ச்சலும் வீக்கத்தை இன்னும் கெட்டிப்படுத்திவிட்டுப் போகும். ஆகவே தினமும் கால் கழுவுவதே முக்கியமான சிகிச்சை. சாதாரண சோப்பும் பச்சைத்தண்ணீரும் போதும். முழங்காலிலிருந்து கீழ்நோக்கி, மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் விட்டுவிடாமல் மெதுவாகக் கழுவுங்கள். பிறகு பழைய மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. இடுக்கில் ஈரம் நின்றால் கழுவியதே வீண். சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சைக் களிம்பு, கீறலுக்கு ஆன்டிபயாடிக் களிம்பு. உட்காரும்போது காலை நாற்காலியில் நீட்டிக்கொள்ளட்டும். இதய நோய் இல்லையென்றால், படுக்கும்போது கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தலாம். குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி நல்லது. வெறுங்காலோடு வெளியே போகக் கூடாது.

காய்ச்சல் வந்த நாளில் முறை வேறு. ஈரத்துணியால் காலைக் குளிர்வித்து, நிறையத் தண்ணீர் குடித்து, ஓய்வெடுக்க வேண்டும். பாராசிட்டமால் தரலாம், ஆன்டிபயாடிக்கை மருத்துவர் எழுதித் தரட்டும். சூடான ஒத்தடம், எண்ணெய் போட்டு நீவுவது, பயிற்சி எதுவும் வேண்டாம். டிஇசியையும் அன்று தொடங்கக் கூடாது.

இனி நாய். அதன் ரத்தத்தில் இருப்பது எந்தப் புழு என்று பெயர் தெரிய வேண்டும். தென்னிந்திய நாய்களில் தோலடியில் வாழும் டைரோஃபைலேரியா ரெப்பென்ஸும் இருக்கிறது, தெள்ளுப்பூச்சி பரப்பும், பெரிதாகக் கெடுதல் செய்யாத அகாந்தோகைலோனிமாவும் இருக்கிறது. நாயின் இதயத்தைத் தாக்கும் இதயப்புழு வேறு. அதற்கான கிட் சோதனை இவற்றைக் காட்டாது. நாட் (Knott) என்ற சோதனை முறையில், 1 மி.லி. ரத்தத்தில் 2% ஃபார்மலின் 9 மி.லி. கலந்து சுழற்றி, அடியில் படிந்ததைச் சாயமேற்றிப் பார்த்தால் வகை பிடிபடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் இருக்கும் டிஇசி மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். இதயப்புழுவின் குஞ்சுகள் ரத்தத்தில் இருந்தால் அது நாயை அதிர்ச்சிக்குள்ளாக்கி உயிரையே எடுத்துவிடலாம்.

டைரோஃபைலேரியா மனிதருக்கும் எப்போதாவது வரும். அதுவும் கொசு வழியாகத்தான். தொட்டால், நக்கினால் வராது. வந்தாலும் யானைக்கால் ஆகாது. பெரும்பாலும் ஒரே ஒரு புழு, இமையிலோ தோலடியிலோ சிறு கட்டியாகத் தெரியும். சில நேரம் கண்ணின் வெண்படலத்துக்கு அடியில் நெளியும். அப்படிக் கண்டால் கசக்காமல் கண் மருத்துவரிடம் போனால், சிறு அறுவை சிகிச்சையில் எடுத்துவிடுவார்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று: மாடியேறி, செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் நைலான் வலையை இரண்டாக மடித்துக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். தொட்டி மூடியின் விரிசலை சிமென்ட் பூசி அடையுங்கள். அம்மாவின் கட்டிலுக்குக் கொசுவலை வாங்குங்கள். நாய்க்கு மாதாமாதம் போடும் தடுப்பு மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.