டிரினிட்டி கேட்டு டார்வின் கிடைத்தால்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

மகளுக்குக் கேம்பிரிட்ஜில் உயிரியல் முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. கேட்ட டிரினிட்டிக்குப் பதில் டார்வின் கல்லூரி வந்திருக்கிறது. 1964-இல் தொடங்கிய கல்லூரி என்றதும் தரம் குறைவோ என்று கலங்கியிருக்கிறீர்கள். அந்தக் கவலை வேண்டாம்.

உங்கள் மகளைத் தேர்ந்தெடுத்தது பல்கலைக்கழகத்தின் துறை. மேற்பார்வையாளர், ஆய்வுக்கூடம் எல்லாம் துறையைச் சேர்ந்தவை. பட்டம் தருவது பல்கலைக்கழகம். எந்தக் கல்லூரியில் இருந்தாலும் இவை மாறா. கல்லூரி பார்த்துக்கொள்வது தங்குமிடம், சாப்பாடு, நலன், கூடிப் பழகும் வட்டம்.

ஆய்வு மாணவர்கள் பெருகிய காலத்தில், இளங்கலை மாணவர்களை மையமாக வைத்து இயங்கிய பழைய கல்லூரிகளில் அவர்களுக்குச் சரியான இடமில்லை. அதனால் கீஸ், செயின்ட் ஜான்ஸ் கல்லூரிகளோடு சேர்ந்து டார்வினைத் தொடங்கியதே நீங்கள் கேட்ட டிரினிட்டிதான்! பட்டதாரிகளுக்கென்றே கேம்பிரிட்ஜில் எழுந்த முதல் கல்லூரி இது. ஆண், பெண் இருபாலரையும் சேர்த்த முதல் கல்லூரியும் இதுவே. டிரினிட்டி ஆய்வு மாணவிகளைச் சேர்த்தது 1976-இல். சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் குடும்பம் வாழ்ந்த, கேம் ஆற்றங்கரை வீடுதான் கல்லூரியின் மையம். 1984-இல் நோபல் பெற்ற உயிரியலாளர் செசார் மில்ஸ்டீன் இங்கே ஃபெல்லோவாக (கல்லூரியின் மூத்த கல்வியாளர் உறுப்பினராக) இருந்தவர்.

பேராசிரியர்களுக்கென்று உயர்மேசை போடாமல், மாணவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் இங்கே உண்டு. வீட்டைவிட்டுத் தனியாகப் போகும் பிள்ளைக்கு இது பெரிய பலம். மற்றக் கல்லூரிகளின் இளங்கலை மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பினாலும், ஆய்வு மாணவர்கள் இருப்பதால் கல்லூரி வெறிச்சோடாது.

கல்லூரியை மாற்றித் தரச் சொல்லி நாளைக் கடத்தாதீர்கள். பெரும்பாலும் மாற்ற மாட்டார்கள். அறைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: இடம் உறுதியானதும் அறையும் தானாக வரும் என்று இருந்துவிட்டு, கடைசியில் வெளியே அதிக வாடகைக்கு அலைகிறார்கள்.

உபகாரச் சம்பளம் முழுச் செலவுக்கும் போதாவிட்டால், பிரிட்டன் மாணவர் விசாவுக்காக மீதியை வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் வைத்திருங்கள். ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) இருப்பை விசாவுக்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பணம் உங்கள் கணக்கில் இருந்தால் மகளின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் சம்மதக் கடிதமும் வேண்டும். மலேசியர்களிடம் இவற்றை எல்லா முறையும் கேட்பதில்லை; கேட்டால் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் கட்டாயம். அவருடைய ஆய்வுக்கு ஏட்டாஸ் (ATAS) அனுமதி, அதாவது சில ஆய்வுத் துறைகளுக்குப் பிரிட்டன் அரசு கேட்கும் பாதுகாப்பு அனுமதி, தேவை என்று சேர்க்கைக் கடிதத்தில் இருந்தால், அதற்கு முதலில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் ஆகும், அது வராமல் விசாவுக்குப் போக முடியாது.