கல்லீரல் திடீரென அடிபட்டால் இன்சுலின் ஏன் ஏறுகிறது? – கேள்வி பதில்

மருத்துவ மாணவி: கல்லீரல் செயலிழந்தவர்களுக்கு இரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருக்கிறதே சார், கணையம் கூடுதலாகச் சுரக்கிறதா?

சிலருக்குச் சுரப்பும் கூடலாம். ஆனால் முக்கியக் காரணம் தேக்கம். கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின், போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். ஏறக்குறைய பாதி அங்கேயே சிதைக்கப்பட்டுவிடும். கல்லீரல் செல்கள் கூட்டமாக மடியும்போது அதில் பெரும்பகுதி தப்பித்து உடம்பெங்கும் சுற்றும்.

அதே மாணவி: சுரப்பா, தேக்கமா என்று எப்படிப் பிரித்தறிவது?

சி-பெப்டைடு பாருங்கள். இன்சுலினோடு சரிசமமாக வெளிவரும் துணுக்கு அது. கல்லீரல் அதை அதிகம் தொடாது, சிறுநீரகம்தான் கழிக்கும். இன்சுலின் மட்டும் எகிறி, சி-பெப்டைடு அந்த அளவுக்கு ஏறவில்லையென்றால் கணையத்தின் மேல் பழி போட வேண்டாம். சிறுநீரகமும் சேர்ந்து படுத்துவிட்டால் இந்தக் கணக்கு குழம்பும், கவனம்.

ஒரு மகன்: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பாரசிட்டமால் அளவு மீறிப்போய் கல்லீரல் பாதிப்பு. இன்சுலின் ஊசியைக் குறைத்துவிட்டார்கள். சர்க்கரை ஏறிவிடாதா?

உங்கள் பயம் புரிகிறது தம்பி. ஆனால் இப்போது அதிகம் அஞ்ச வேண்டியது தாழ்சர்க்கரைக்கு. கல்லீரலில் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைக் கையிருப்பு சுமார் 100 கிராம்தான். அது தீர்ந்துபோக, புதிதாகக் குளுக்கோஸ் செய்யும் வேலையும் நின்றுபோக, இன்சுலின் மட்டும் கரையாமல் நின்றால் என்ன ஆகும்? பயிற்சிக் காலத்தில் ஓர் இரவு, நோயாளி ஒருவர் உளறத் தொடங்கினார். கல்லீரல் பழுதால் வரும் மூளைக் குழப்பம் என்றே நினைத்தோம். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் பேச்சு தெளிந்தது. அன்றிலிருந்து உளறல் என்றாலே முதலில் குளுக்கோமீட்டரைத்தான் எடுக்கிறேன். அப்பாவுக்கும் அடிக்கடி பார்ப்பார்கள். ஊசி அளவில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

செவிலியர்: தாழ்சர்க்கரைக்குக் குளுக்ககான் ஊசி போதுமா?

நம்ப முடியாது சகோதரி. அது கல்லீரலின் கையிருப்பை வெளியே எடுக்கும் மருந்து. கையிருப்பே இல்லாதபோது எதை எடுக்கும்? நரம்பு வழிக் குளுக்கோஸ்தான்.

இன்னொருவர்: கல்லீரல் தேறிய பிறகு?

பீட்டா செல்கள் பெரும்பாலும் சேதமில்லாமல் இருக்கும். கணையத்திலும் அழற்சி வந்திருந்தால் அது வேறு கதை. ஏற்கனவே ஊசி போடுபவர்களுக்கு, கல்லீரல் மறுபடி இன்சுலினைச் சிதைக்கத் தொடங்கியதும் தேவை ஏறும். குறைத்த அளவிலேயே விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.