வாசகர் கேள்வி பதில்: அடைமழைக் காலத்து அடுப்படி

கடந்த இரண்டு வாரங்களில் வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை மழைக்காலத்துச் சமையலையும் வீட்டுப் பராமரிப்பையும் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

வெளிநாட்டு இதழ்களில் இலையுதிர்காலம் வந்துவிட்டால் அடுப்பில் வேகும் ரொட்டியும் புதிய திரைச்சீலையும் மஞ்சள் விளக்குமாகப் பக்கங்கள் நிறைகின்றன. நமக்கு அப்படி ஒரு பருவம் உண்டா அம்மா?
— வாசகி, திருச்சி

உண்டு. ஐப்பசியையும் கார்த்திகையையும் நம் முன்னோர் கூதிர் என்று தனிப் பெரும்பொழுதாகவே பிரித்து வைத்தார்கள். அங்கே இலை உதிரும் நாள்களில் இங்கே வடகிழக்குப் பருவமழை பெய்கிறது; தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்ற சொலவடையை அறியாத வீடு கிடையாது. ஆயுத பூசைக்கு ஒட்டடை அடித்து, சன்னல் கம்பி முதல் அரிவாள்மணை வரை துடைத்துப் பொட்டு வைக்கிறோமே, அதுதான் இந்தப் பருவத்துக்கு நாம் வீட்டை ஆயத்தப்படுத்தும் முறை. ஆனால் அவர்களுடைய கவலை குளிர், நம்முடைய கவலை ஈரம். மாவு புளிக்காததற்கும், முறுக்கு நமுப்பதற்கும், பீரோவில் வாடை வருவதற்கும் பின்னால் இந்தப் பருவத்தின் குளிர்ச்சியோ ஈரமோதான் நிற்கிறது. அதைக் கவனிக்காமல் வாங்கும் புதிய திரைச்சீலையும் ஒரே மாதத்தில் பூஞ்சணம் பூத்துவிடும்.

என்னிடம் அவன் (oven) இல்லை. மழை விடுமுறையில் குழந்தைகளுக்காகக் குக்கரில் கேக் செய்தேன்; அடி கருகிவிட்டது, நடுப்பகுதி வேகவில்லை. குக்கரின் பாதுகாப்பு வால்வும் போய்விட்டது. எங்கே தவறினேன்?
— வாசகி, கோயம்புத்தூர்

நீங்கள் தவறியதைவிட, குக்கரில் கேக் செய்யலாம் என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுவதே பெரிய தவறு. நீர் வற்றி வெப்பம் எல்லை மீறும்போது உருகித் திறந்துகொள்வதற்காகவே அந்தப் பாதுகாப்பு வால்வைப் பொருத்தியிருக்கிறார்கள். நீரில்லாத குக்கரை முக்கால் மணி நேரம் சூடாக்கினால் அது தன் வேலையைச் செய்யத்தானே செய்யும்? தினமும் பருப்பு வேகவைக்கும் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வால்வை மாற்றும்வரை அந்தக் குக்கரில் சமைக்கவும் வேண்டாம்.

பழைய, அடி கனமான இரும்பு வாணலி ஒன்றும், அதன் வாயை இடைவெளியின்றி மூடும் தட்டும் போதும். வாணலியில் ஒன்றரைக் கப் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு பிரிமணையை வைத்து மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். பிரிமணை இரும்பாகவோ எவர்சில்வராகவோ இருக்க வேண்டும். வைக்கோல் பிரிமணை எரிந்துவிடும். கேக் தகரத்தின் அடி உப்பைத் தொடாமல் பிரிமணையின் மேல் நின்றால்தான் சூடு நாலாபுறமும் சுற்றி வரும். உங்கள் கேக்கின் அடி கருகியதற்குத் தகரம் நேரடியாக அடியில் உட்கார்ந்ததும், தீ கூடுதலாக இருந்ததுமே காரணமாக இருக்கும்.

முட்டை சேர்க்காத கேக்குக்கு என் அளவைச் சொல்கிறேன். ஒரு கப் கெட்டித் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து ஐந்து நிமிடம் விடுங்கள். தயிர் நுரைத்துப் பொங்கி, மேலே சிறு சிறு குமிழிகள் வெடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். நன்றாகப் பொங்காவிட்டால் பேக்கிங் பவுடர் ஈரம் குடித்துச் செயலிழந்திருக்கலாம்; மழைக்காலத்தில் திறந்து வைத்த டப்பாவுக்கு இது அடிக்கடி நேரும். பொங்கிய தயிரில் அரைக் கப் எண்ணெய் ஊற்றி, ஒன்றரைக் கப் மைதாவை இரண்டு மூன்று தவணையாகச் சேர்த்து, கட்டி தட்டாமல் மெல்லக் கலந்தால் போதும். அடித்துக் கலக்கினால் கேக் இறுகிவிடும். ஏலக்காயும் அரைத் தேக்கரண்டி சுக்குத் தூளும் சேர்த்தால் மழை நாளுக்கு மிகவும் பொருந்தும். எண்ணெய் தடவிய 7 அங்குலத் தகரத்தில் பாதியளவே மாவை ஊற்றி, சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம் வையுங்கள். முதல் 30 நிமிடம் மூடியைத் தொடக்கூடாது. குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு திறக்கும்போது மூடியில் கோத்திருக்கும் நீரைத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு குச்சியைக் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். முழுவதும் ஆறுவதற்கு முன் வெட்டாதீர்கள்.

இங்கே அக்டோபர் பிறந்தால் உழுந்தும் அரிசியும் அரைத்து வைத்த மா இரண்டு நாளாகியும் புளிப்பதில்லை. ஹாலோவீன் முடிந்தபின் மலிவாகக் கிடைக்கும் பெரிய பூசணிகளைக் கறிக்கு எடுக்கலாமா?
— வாசகி, ஸ்கார்பரோ, கனடா

மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் 26 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் சுறுசுறுப்பாக இயங்கும். உங்கள் சமையலறை இரவில் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவதால் அவை ஏறத்தாழ உறங்கிவிடுகின்றன. அரிசி நான்கு பங்கு, உழுந்து ஒரு பங்கு என்ற அளவோடு ஒரு தேக்கரண்டி வெந்தயம் சேர்த்து ஊறவைத்து, இளஞ்சூடான நீர் விட்டு அரைத்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல், அவனைப் பற்றவைக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வையுங்கள். அந்த விளக்கின் சூடே போதும். 12 முதல் 16 மணி நேரத்தில் பொங்கிவிடும். உப்பைப் பொங்கிய பிறகு சேர்ப்பது குளிர் நாட்டுக்கு நல்லது. அவன் கதவில் 'உள்ளே மா இருக்கிறது' என்று ஒரு தாளை ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் வீட்டில் வேறு யாராவது அறியாமல் சூடேற்றிவிட்டால் எல்லாம் வீணாகிவிடும்.

செதுக்கி, உள்ளே விளக்கேற்றி, வாசலில் வைத்திருந்த பூசணியைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. செதுக்காததை உண்ணலாம் என்றாலும் அந்த வகை நாரும் நீருமாக இருக்கும். பால்கறி வைத்தால் சாறு நீர்த்துவிடும். அதே பருவத்தில் கிடைக்கும் பட்டர்நட் வகையை இரண்டாகப் பிளந்து, எண்ணெய் தடவி, அவனில் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முக்கால் மணி நேரம் வேகவையுங்கள். ஓரங்கள் பழுப்பாகித் தானாகவே இனிப்பு ஏறிவிடும். அந்தச் சதையில் தேங்காய்ப் பாலும் மிளகும் சேர்த்தால் இரவுக்கு நல்ல சூப்பு. அவனைப் போறணை என்று சொல்லும் ஈழத்து வழக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தச் சொல்லை உங்கள் பிள்ளைகளிடமும் புழங்குங்கள்.

பொரித்து வைத்த முறுக்கு இரண்டே நாளில் நமுத்துவிடுகிறது.
— வாசகி, மதுரை

முழுவதும் ஆறுவதற்கு முன் டப்பாவில் அடைத்தால், உள்ளேயே ஆவி படிந்து நமுத்துவிடும். ஆறிய பின்னும் திறந்த தட்டில் நெடுநேரம் விடாதீர்கள். காற்றின் ஈரத்தை அது குடித்துவிடும். நாள்தோறும் எடுப்பதற்கு ஒரு சிறிய டப்பாவை வைத்துக்கொண்டு, பெரிய டப்பாவை வாரம் ஒருமுறை மட்டும் திறவுங்கள்.

வாடகை வீடு. தெற்குச் சுவர் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கிறது, பீரோவில் துணியெல்லாம் வாடை. தீபாவளிக்குள் அதிகச் செலவில்லாமல் வீட்டைச் சற்றே புதுப்பிக்க வழி சொல்லுங்கள்.
— வாசகர், சென்னை

முதலில், அந்தச் சுவருக்கு இப்போது வண்ணம் அடிக்க வேண்டாம். ஈரச் சுவரின்மேல் பூசும் வண்ணம் பொங்கலுக்குள் கொப்புளமாக எழும்பி உரிந்துவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய ஓர் எளிய வழி இருக்கிறது: ஓர் அடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறத்தில், அதாவது சுவர்ப் பக்கத்தில், நீர் கோத்திருந்தால் கசிவு சுவருக்குள்ளிருந்து வருகிறது. மொட்டைமாடி விரிசலோ, குழாயோ, அடித்தளமோ காரணமாக இருக்கலாம். அந்தத் தாளோடு வீட்டு உரிமையாளரை அழைத்துக் காட்டுங்கள். அறைப் பக்கத்தில் நீர் படிந்திருந்தால் வீட்டுக்குள் உள்ள ஈரக் காற்றே காரணம், அதை நீங்களே சரிசெய்யலாம். கூடத்தில் கொடி கட்டி ஈரத் துணியை உலர்த்தும்போது, அதிலுள்ள தண்ணீர் முழுவதும் அந்த அறைக் காற்றில்தான் கலக்கிறது. துணி உலர்த்த ஓர் அறையை ஒதுக்கி, அதன் சன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியை ஓடவிடுங்கள்.

பீரோவைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் முன்னால் நகர்த்துங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே வாடை பெருமளவு குறைந்துவிடுவதை என் வீட்டிலேயே கண்டேன். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் கதவைத் திறந்து வைத்து, துணிகளை எடுத்து உதறி, அடுப்புக்கரித் துண்டுகளை மெல்லிய துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்றாகப் போடுங்கள். அந்துருண்டை போடுவதாக இருந்தால் பச்சிளங்குழந்தையின் துணி இருக்கும் இடத்தில் கட்டாயம் வேண்டாம். சில குழந்தைகளுக்கு அதன் ஆவியால் இரத்த அணுக்கள் சிதையும் ஆபத்து உண்டு. சாம்பிராணி வாடையை மறைக்குமே தவிர ஈரத்தைப் போக்காது. கதவு சன்னலை அடைத்துக்கொண்டு கரிக் கங்கு வைத்துப் புகை போடுவது உயிருக்கே ஆபத்து. பூஞ்சணத்தைத் துடைக்கப் பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்தினால், அதோடு வினிகரையோ கழிப்பறை கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு எழும்.

இவற்றை முடித்த பிறகு அழகைப் பார்க்கலாம். கூடத்து வெள்ளை விளக்கை எடுத்துவிட்டு 2700 முதல் 3000 கெல்வின் என்று அச்சிட்ட மஞ்சளொளி பல்பைப் போடுங்கள். மழை இருட்டிய மாலையில் அறையின் முகமே மாறிவிடும். பரணில் சுருட்டி வைத்த பவானி ஜமக்காளம் இருந்தால் வெயிலில் தட்டி எடுத்துத் தரையில் விரியுங்கள். சில்லிட்ட தரையில் கால் வைக்கத் தயங்கும் வயதானவர்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.

எண்பது வயது மாமியார் மழை மாலைகளில் சூடாக ஏதாவது கேட்கிறார். பஜ்ஜி ஒத்துக்கொள்வதில்லை. என்ன செய்து தரலாம்?
— வாசகி, கும்பகோணம்

தவலை அடை செய்து கொடுங்கள். அவன் என்ற பொருள் நம் வீட்டுக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, கனத்த பாத்திரத்தில் மூடிபோட்டு, மேல் மொறுமொறுப்பும் உள் மென்மையுமாக வேகவைக்கும் கலை நம்மிடம் இருந்ததற்கு இதுவே சான்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு கப் பச்சரிசி, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் கால் கால் கப், ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றை ரவை பதத்தில் உடைத்துக்கொள்ளுங்கள். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை, துருவிய இஞ்சி தாளித்து, மூன்று கப் நீர் ஊற்றி உப்பிட்டு, கொதித்ததும் ரவையைத் தூவிக் கிளறி, அரைக் கப் தேங்காய்த் துருவல் சேர்த்து உப்புமாப் போல வேகவிட்டு இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டில் உருட்டி, அரை அங்குலக் கனத்தில் தட்டி நடுவில் ஒரு துளையிட்டு, எண்ணெய் தடவிய வெண்கலப் பானையிலோ இரும்பு வாணலியிலோ இட்டு மூடிவிடுங்கள். சிறு தீயில் ஏழெட்டு நிமிடம். துளைக்குள் சொட்டிய எண்ணெய் சடசடவென்று பேசுவது நின்று, ஓரம் பொன்னிறமாகிப் பாத்திரத்தை விட்டுத் தானே விலகும்போது திருப்பிப் போட்டு, மூடாமல் நான்கு நிமிடம் வைத்து எடுங்கள். பல் இல்லாதவராக இருந்தால் நடுப்பகுதியைப் பிட்டு, வெண்ணெய் வைத்துக் கொடுங்கள்.

கார்த்திகைப் பொரி உருண்டை கையில் ஒட்டாமல், உதிராமல் வர என்ன வழி? புது அகல் விளக்குகள் எண்ணெயைக் குடித்துவிடுகின்றன, அதற்கும் சொல்லுங்கள்.
— வாசகி, திண்டுக்கல்

ஐந்து கப் பொரியை முதலில் வெறும் வாணலியில் கை சுடும் அளவுக்கு வறுத்து, ஈரத்தைப் போக்குங்கள். இதைச் செய்யாமல் பாகை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. முக்கால் கப் வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டி, கிண்ணத்தில் எறிந்தால் 'டங்' என்று ஓசை வர வேண்டும். உருட்டினால் மெத்தென்று இருக்கும் தக்காளிப் பதத்தில் இறக்கினால் உருண்டை மறுநாளே இளகிவிடும். ஏலக்காயும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து, பொரியில் ஊற்றிக் கிளறி, அரிசி மாவைக் கையில் தொட்டுக்கொண்டு சூடு ஆறுவதற்குள் பிடித்துவிடுங்கள். இருவர் சேர்ந்து பிடிப்பது நல்லது.

அகல்களை முதல் நாள் இரவே தண்ணீரில் மூழ்க வையுங்கள். மண் நீரைக் குடிக்கும்போது சிறு குமிழிகள் வரிசையாக மேலே வரும். அவை நின்ற பிறகும் இரவு முழுவதும் விட்டு, காலையில் எடுத்துத் துடைத்து, நிழலில் கவிழ்த்து உலர்த்துங்கள். அதன்பின் எண்ணெய் திரிக்கே போய்ச் சேரும்.