மிரளும் குதிரை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் உச்சிப்புளி பக்கம். போன வருடம் ஒரு மார்வாரி பெட்டைக் குதிரை வாங்கினேன். அரியமான் கடற்கரைக்கு ஓட்டிப் போகும்போது முள்ளில் சிக்கிய பாலிதீன் பை, மயில் என்று எதைக் கண்டாலும் மிரள்கிறது. இரண்டு தடவை கீழே தள்ளிவிட்டது. சாட்டை போட்டும் அடங்கவில்லை. சுழி சரியில்லை என்கிறார்கள். கண்பட்டை கட்டலாமா, விற்றுவிடலாமா?

அன்புள்ள தம்பி,

சுழி கதையை விடுங்கள். சாட்டை போட்டதைப் படித்ததும்தான் எரிச்சல் வந்தது. பையைப் பார்த்தது, உடனே அடி விழுந்தது. பை பக்கம் போனால் வலிக்கும் என்றுதானே அது புரிந்துகொள்ளும்? அடுத்த முறை இன்னும் தூரத்திலேயே துள்ளும். பயத்துக்கு நீங்களே கொள்ளு வைத்து வளர்க்கிறீர்கள்.

இப்போது மார்க்கோ போலோவைத்தான் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1290களில் நம் பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்தவர். ஹோர்முஸ், ஏடனிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்குமாம். வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். இவர்களுக்குக் குதிரை வளர்க்கவே தெரியவில்லை என்கிறார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். ஆனால் 700 வருடம் கழித்து உங்கள் கடிதம் அவர் பக்கம் சாட்சி சொல்கிறதே!

குதிரையைப் பற்றித் தெரிந்தவர்களும் இருந்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது ராமேஸ்வரம் ஸ்டேஷனுக்கு ஜட்கா ஓட்டிய பாய் ஒருவர். ஒருநாள் காற்றில் படபடத்த தார்ப்பாயைக் கண்டு குதிரை நின்றுவிட்டது. “தட்டி ஓட்டுங்க பாய், ட்ரெயின் போயிரும்” என்றார் சித்தப்பா. பாய் இறங்கினார். ஒரு பக்கக் கண்பட்டையை விலக்கி, கடிவாளத்தைத் தளர்த்தினார். “அது பாத்து முடிக்கட்டுங்க.” இரண்டு காதும் தார்ப்பாய்ப் பக்கம் விறைத்து நின்றன, மூக்கு விடைத்தது. அப்புறம் ஒரு காது மட்டும் பாய் பக்கம் திரும்பியது. தலை தாழ்ந்தது, வாயை மென்றது. அதற்குப் பிறகுதான் ஏறி உட்கார்ந்தார். ட்ரெயினைப் பிடித்தோமா என்று ஞாபகமில்லை.

குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் தவிர ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். ஆனால் ஒன்றைத் தெளிவாகப் பார்க்கத் தலையை ஏற்றி இறக்க வேண்டும். நீங்கள் லகானை இழுத்துப் பிடித்தால் அது எப்படிப் பார்க்கும்? உங்கள் நடுக்கம் வேறு அதற்குத் தெரிந்துவிடும். 2009இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், ஓட்டுகிறவரிடம் வழியில் குடை விரிக்கப்போவதாகச் சொன்னார்கள். விரிக்கவே இல்லை. அவர் நெஞ்சுத்துடிப்போடு குதிரையின் துடிப்பும் ஏறியது.

கண்பட்டை வண்டிக் குதிரைக்கு, பின்னால் உருளும் சக்கரம் தெரியாமலிருக்க. உங்களுக்கு வேண்டாம். விற்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் மிரளாத வயதான குதிரை ஒன்றோடு சேர்த்து நடத்திப் பாருங்கள். சரி, இரண்டு தடவை விழுந்திருக்கிறீர்கள், ஹெல்மெட் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லையே?