விமானிகள் சங்கத்தில் சேரலாமா?

கேள்வி: தனியார் விமான நிறுவனம் ஒன்றில் ஏ320 துணை விமானியாக இருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர்கள் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். பயிற்சிக்கான பாண்டு (குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுத்த ஒப்பந்தம்) இன்னும் முடியவில்லை. சேர்ந்தால் நிர்வாகம் பழிவாங்குமோ என்று பயமாக இருக்கிறது. சந்தா கட்டுவதால் உண்மையில் என்ன பயன்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: சேருங்கள். எந்தச் சங்கம், எந்த நேரத்தில் என்பதை மட்டும் யோசித்து முடிவெடுங்கள்.

பயன் எங்கே கிடைக்கிறது என்பதற்கு உங்கள் பணி அட்டவணையான ரோஸ்டரையே பாருங்கள். வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கி, இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த பணிநேர விதிகளை, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியிலேயே வெளியிட்டுவிட்டது. நிறுவனங்கள் தயங்க, அமலாக்கம் தள்ளிப்போனது. விமானிகள் அமைப்புகள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விடாமல் நின்ற பிறகுதான் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டமாக அவை நடைமுறைக்கு வந்தன. டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதும், இரவுப்பணி விதிகளில் அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு தரப்பட்டது. வாங்கிய விதியைக் காப்பாற்றவும் ஆள் வேண்டும். தனி ஒரு விமானியால் இந்த வழக்கை நடத்தியிருக்க முடியாது.

பயத்துக்கு வருவோம். சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவில் இருக்கிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தொழிலாளியை வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி முறையற்ற தொழில் நடைமுறை. ஆனால் விமானி ‘தொழிலாளி’யா, மேற்பார்வையாளரா என்பது நீதிமன்றங்களில் திரும்பத் திரும்ப வாதிடப்பட்ட விஷயம், கேப்டன்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அதனால் சட்டப் பாதுகாப்பை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். 2009-ல் ஜெட் ஏர்வேஸில் சங்கம் தொடங்கிய விமானிகள் நீக்கப்பட்டார்கள். மற்றவர்கள் கூட்டமாக உடல்நிலை விடுப்பு எடுத்து ஐந்து நாள் நின்றதால்தான் அவர்களைத் திரும்ப எடுத்தார்கள். அந்த வழியை இன்று நம்ப முடியாது: 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, பாதிப் பேர் பேசி வைத்து ஒரே நாளில் கேஷுவல் லீவு எடுத்தாலே அது வேலைநிறுத்தம், அதற்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும்.

அதே தொகுப்பில் ஒரு கணக்கு உங்களுக்கு முக்கியம். ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர்களைக் கொண்ட சங்கமே பேச்சுவார்த்தைக்கான ஒரே சங்கம். உங்கள் நிறுவனத்தில் எத்தனை விமானிகள், அதில் உறுப்பினர் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதிவுச் சான்றிதழையும் பாருங்கள். தொழிற்சங்கமாகப் பதிவானதற்குத்தான் பேச்சுவார்த்தைச் சங்கமாக அங்கீகாரம் பெறும் தகுதி உண்டு. வெறும் சொசைட்டியாகப் பதிவானது மனு கொடுக்கலாம், கருத்தரங்கு நடத்தலாம். உங்கள் பணிநீக்கத்துக்காக நிர்வாகத்தோடு மேசையில் உட்கார அதற்கு உரிமை இல்லை. கூடவே கடந்த ஆண்டுத் தணிக்கைக் கணக்கை வாங்கி, வழக்குச் செலவுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். கணக்கைக் காட்டத் தயங்கும் சங்கத்தில் பணம் கட்டாதீர்கள்.

சட்ட உதவி எப்போதிலிருந்து தொடங்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நோட்டீஸ் வந்த பிறகு ஓடிவந்து சேர்பவருக்குப் பழைய விவகாரத்தில் உதவி கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. விடிகாலை பணிக்கு முன், மது அருந்தியிருக்கிறீர்களா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்தால், முதல் தடவைக்கே உரிமம் மூன்று மாதம் நிறுத்தப்படும். மறுபரிசோதனை, சாட்சி, கருவியின் அளவுத்திருத்தச் சான்று எல்லாவற்றையும் அங்கேயே கேட்டாக வேண்டும். அந்த நேரத்தில் போனை எடுக்கும் ஆள் சங்கத்தில் இருக்கிறாரா? சேரும் முன்பே ஒருநாள் அதிகாலையில் கூப்பிட்டுப் பாருங்கள்.

சந்தாவைச் சம்பளப் பிடித்தமாகக் கொடுக்காமல் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுங்கள். பிடித்தம் என்றால் பட்டியல் நிறுவனத்தின் கைக்குப் போகும். பாண்டைப் பொறுத்தவரை, எந்தக் காரணங்களுக்காகப் பணம் திரும்பக் கேட்கலாம் என்ற ஷரத்தை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வெளியான ரோஸ்டரையும் உண்மையில் பறந்த நேரத்தையும் மாதந்தோறும் சொந்தப் பிரதி எடுத்து வையுங்கள். சங்கம் உங்களுக்காகப் பேசும்போது கேட்கும் முதல் ஆவணம் அதுதான்.

கேள்வி: என் மகள் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) பயிற்சியில் இருக்கிறாள். இப்போதே சேர்க்கலாமா?
- ஒரு தாய், சேலம்

பதில்: அவசரமில்லை அம்மா. தொழிற்சங்கம் வேலையில் இருப்பவர்களுக்கானது. மாணவர்களைச் சேர்க்கும் அமைப்பாக இருந்தாலும், பயிற்சிப் பள்ளியோடு வரும் கட்டணத் தகராறில் அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அதற்கு நுகர்வோர் ஆணையத்தை அணுக முடியுமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வேலைக்கான ஒப்பந்தம் கைக்கு வரும்போது, கையெழுத்துக்கு முன் அந்த நிறுவனத்தின் மூத்த விமானிகளிடம் சங்கத்தைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள்.