வகுப்புக்கும் மெத்தடுக்கும் ஒரே பெயர் வைக்கலாமா?

ஜாவா நிரல்மொழியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதில் வகுப்பு என்பது ஆப்ஜெக்ட்களை உருவாக்கும் வார்ப்பு; மெத்தட் என்பது அதற்குள் ஒரு வேலையைச் செய்யும் பகுதி. வைக்கலாம், கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) தடுக்காது. வம்பே அங்குதான். ‘கணக்கு’ என்ற வகுப்புக்குக் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது இயங்கும், வகுப்பின் பெயரையே கொண்ட பகுதி) எழுதும்போது கை தவறி முன்னால் ‘வாய்டு’ (மெத்தட் எதையும் திருப்பித் தராது என்ற குறிப்பு) சேர்த்துவிட்டால், அது சாதாரண மெத்தடாகிவிடும். வேறு கன்ஸ்ட்ரக்டர் இல்லையென்றால் கம்பைலரே வெறுமையான ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். ஆப்ஜெக்ட் உருவாகும், நீங்கள் எழுதிய வரிகள் மட்டும் இயங்காது, அதிலுள்ள ‘இருப்பு’ என்ற மதிப்பு பூஜ்ஜியத்திலேயே நிற்கும். இதைத் தேடி ஒரு மாலைப்பொழுதையே தொலைத்திருக்கிறேன். சி ஷார்ப் மொழி இதில் கறார்: வகுப்பின் பெயரை அதன் உறுப்புக்கு வைத்தால் கம்பைல் ஆகாது.

வகுப்புக்குப் பெயர்ச்சொல், மெத்தடுக்கு வினைச்சொல் என்று வைத்துக்கொண்டால் இந்த மோதல் அநேகமாக வராது. இரண்டு பேக்கேஜ்களில் (வகுப்புகளைத் தொகுத்து வைக்கும் பிரிவுகள்) ஒரே பெயருள்ள வகுப்புகள் இருந்தால் (இரண்டு ‘டேட்’ வகுப்புகள் போல) ஒன்றை இம்போர்ட் செய்யுங்கள்; மற்றதைப் பேக்கேஜ் பெயரோடு முழுமையாக எழுதுங்கள்.