சேனலில் சங்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சென்னையில் ஒரு செய்தி சேனலில் கேமரா, எடிட்டிங், பிசிஆர் (நிகழ்ச்சிக் கட்டுப்பாட்டு அறை), ஓபி வேன் (வெளிப்புற ஒளிபரப்பு வண்டி) என எல்லாப் பிரிவும் சேர்த்து 240 பேர் இருக்கிறோம். சங்கம் பதிவு செய்ய எத்தனை பேர் வேண்டும்? நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: சொல்ல வேண்டியதில்லை. பதிவு என்பது உங்களுக்கும் தொழிற்சங்கப் பதிவாளருக்கும் இடையிலான காரியம்.

"ஏழு பேர் போதும்" என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரி. விண்ணப்பத்தில் கையெழுத்திட ஏழு பேர் போதும். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில், நிறுவனத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அது ஏழுக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் கணக்குக்கு 24. பதிவுக்குப் பிறகும் இந்த எண்ணிக்கை குறையக் கூடாது, குறைந்தால் பதிவு ரத்தாகலாம். சேனல் வேலையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அதனால் 24 பேரோடு கிளம்பாதீர்கள், ஐம்பதாவது சேரட்டும். கையெழுத்தும் ஏழோடு நிற்க வேண்டாம். பதிவுக்கு முன் விண்ணப்பதாரர்களில் பாதி வரை விலகினாலும் விண்ணப்பம் செல்லும், பாதியைத் தாண்டினால் செல்லாது. ஏழு பேரில் நான்கு பேரை அழைத்துப் பேசுவது ஹெச்.ஆருக்கு ஒரு மதிய வேலை.

இன்னொரு வழி, ஒரே சேனலுக்கு என்று வைக்காமல் தொலைக்காட்சித் துறைக்கே பொதுவான சங்கமாகப் பதிவது. பல சேனல்களிலிருந்தும் சேர்த்து 100 பேர் இருந்தால் போதும். சேனல் மாறினாலும் உறுப்பினர் உறுப்பினர்தான். எங்கள் சிபாரிசு இதுவே.

முதலில் பொதுக்கூட்டம் போட்டு, சங்க விதிகளை ஏற்றுத் தீர்மானம் எழுதுங்கள். பெயர், நோக்கம், சந்தா, உறுப்பினர் பட்டியலை வைத்திருக்கும் முறையும் அதைப் பார்வையிடும் உரிமையும், நிர்வாகிகள் தேர்வு, நிதியை எதற்குச் செலவிடலாம், ஆண்டுத் தணிக்கை, விதிகளைத் திருத்தும் முறை, சங்கத்தைக் கலைக்கும் முறை எல்லாம் விதிகளில் இருக்க வேண்டும். கலைப்பு, தணிக்கை இரண்டையும் ஆர்வத்தில் மறந்துவிடுவது வழக்கம். ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயரை ஒத்திருந்தாலும் மாற்றச் சொல்வார்கள். அலுவலக முகவரியாகச் சேனலின் முகவரியைக் கொடுக்காதீர்கள். வெளியாட்களை நிர்வாகிகளாக வைக்கலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதற்கு மேல் கூடாது. ஒன்பது நிர்வாகிகள் என்றால் மூன்று பேர்.

கேள்வி: நான் 'சீனியர் புரொடியூசர்', சம்பளம் 42,000 ரூபாய். "நீங்கள் மேனேஜ்மென்ட் ஆள், சங்கத்தில் சேர முடியாது" என்கிறார்கள். உண்மையா?
- வாசகி, கோவை

பதில்: இரண்டு விஷயங்களைக் குழப்புகிறார்கள், ஒருவேளை வேண்டுமென்றே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், சங்கம் பற்றிய அத்தியாயத்துக்கு மட்டும் 'தொழிலாளர்' என்ற சொல்லுக்கு அகலமான பொருள் உண்டு: தொழிலில் வேலை செய்யும் எல்லோரும். ஆகவே நீங்கள் சேரலாம்.

வேலைநீக்கம் போன்ற தகராறில் தீர்ப்பாயத்துக்குப் போகும்போதுதான் குறுகிய பொருள் வருகிறது. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அதில் அடங்க மாட்டார்கள். ஆனால் தொழில்நுட்ப வேலை செய்பவருக்குச் சம்பள வரம்பு கிடையாது. பேனலில் உட்கார்ந்து புல்லட்டின் ஓட்டுவதும், ரன்டவுன் (செய்திகளின் வரிசைப் பட்டியல்) போடுவதும், ஸ்கிரிப்ட் திருத்துவதும்தான் உங்கள் அன்றாட வேலை என்றால் விசிட்டிங் கார்டில் என்ன அச்சிட்டிருந்தாலும் கவலை இல்லை. லீவு அனுமதிப்பது, ஆள் எடுப்பது, மெமோ கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். லீவு கேட்டால் நீங்கள் மேலே அனுப்பி வைக்கும் மின்னஞ்சல்களைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: எங்களை 'கன்சல்டன்ட்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிஎஃப் இல்லை, வரி மட்டும் பிடிக்கிறார்கள். வேலை என்னவோ தினமும் ஷிஃப்ட்தான்.
- வீடியோ எடிட்டர்கள், மதுரை

பதில்: சங்கத்தில் சேர இது தடையல்ல. பேச்சுவார்த்தையில்தான் இடிக்கும். ஒரு நிறுவனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், ஊழியர் பெயர்ப் பதிவேடான மஸ்டர் ரோலில் உள்ளவர்களில் 51 சதவீதத்தினர் ஆதரவு பெற்ற சங்கமே தனித்துப் பேசும் உரிமை பெறும். யாருக்கும் 51 இல்லையென்றால், குறைந்தது 20 சதவீதம் வைத்திருக்கும் சங்கங்களின் பிரதிநிதிகளைக் கொண்டு பேச்சுவார்த்தைக் குழு அமையும். நீங்கள் மஸ்டர் ரோலிலேயே இல்லை. சங்கத்துக்கு உங்கள் சந்தா வரும், உங்கள் தலை கணக்கில் வராது.

அதனால் சங்கத்தின் முதல் கோரிக்கை சம்பள உயர்வாக இருப்பதைவிட உங்களை ஊழியர்களாக அறிவிப்பதாக இருப்பது நல்லது. சான்றுகளை இன்றே சேருங்கள்: ரோஸ்டர், அடையாள அட்டை, வருகைப் பதிவு, தாமதத்துக்குக் கேட்ட விளக்கம், மாதாமாதம் ஒரே தொகை வரவான வங்கிக் கணக்கு. உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்ப முடியாது என்று காட்டும் ஒரு வாட்ஸ்அப் செய்தி கிடைத்தால் மிக நல்லது. அலுவலக மெயிலில் மட்டும் வைக்காதீர்கள், பிரச்சினை வரும் நாளில் முதலில் முடக்கப்படுவது அதுதான்.

கேள்வி: ஒருநாள் எல்லோரும் சேர்ந்து கேஷுவல் லீவு போட்டுவிட்டால் அது வேலைநிறுத்தம் ஆகாதுதானே?
- எம்சிஆர் (ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறை) ஊழியர், சென்னை

பதில்: ஆகும். பாதிப் பேர் அல்லது அதற்கு மேல் ஒரே நாளில் கூட்டாக லீவு எடுத்தால் வேலைநிறுத்தம் என்றே சட்டம் இப்போது சொல்கிறது. நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்த 14 நாளுக்குள் நிறுத்தக் கூடாது. 60 நாளைத் தாண்டினால் அந்த நோட்டீஸ் செல்லாது. நோட்டீஸ் போனதும், இரு தரப்பையும் பேசவைக்கும் அரசின் சமரச அலுவலர் அழைப்பார். சமரசம் நடக்கும்போதும், முடிந்த பின் 7 நாளும் நிறுத்த முடியாது. கிடைக்கும் இடைவெளி குறுகியது. கறுப்பு பேட்ஜ் அணிந்து வேலை பார்ப்பது வேலைநிறுத்தம் ஆகாது. ஆங்கர் அதைத் திரையில் அணிவதா என்பது வேறு சிக்கல், கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சமரசமோ தீர்ப்பாய வழக்கோ நடக்கும்போது முன்னணியில் நிற்பவர்களைக் காக்க, மொத்தத் தொழிலாளர்களில் 1 சதவீதம், குறைந்தது 5 பேர், 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்' என்று அங்கீகாரம் பெறலாம். பட்டியலை நிர்வாகத்துக்கு எழுத்தில் அனுப்பி, ஒப்புகை வாங்கி, ஆண்டுதோறும் புதுப்பியுங்கள்.

கேள்வி: செலவைக் குறைப்பதாகச் சொல்லி ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். "போட்டால்தான் அனுபவச் சான்று" என்கிறார்கள்.
- செய்தி டெஸ்க், திருச்சி

பதில்: போடாதீர்கள். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம், அதற்கு மேல் மறுதிறன் நிதியாக (புதுத் திறன் கற்க உதவும் தொகை) 15 நாள் சம்பளம் என்று கணக்கு உண்டு. ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் இவை எதுவும் கிடையாது. குறித்த கால ஒப்பந்தக்காரருக்கு ஒப்பந்தம் முடிவது ஆட்குறைப்பு அல்ல, ஆனால் ஓராண்டு முடித்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு.

அறையை விட்டு வந்த அன்றே சொந்த மின்னஞ்சலிலிருந்து ஹெச்.ஆருக்கு மூன்று வரி அனுப்புங்கள்: இன்ன தேதி, இன்ன நேரம் ராஜினாமா கேட்கப்பட்டது; நான் சம்மதிக்கவில்லை; வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். மறுநாள் வாயிலில் தடுத்தால் அதையும் எழுதுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள், மிரட்டி வாங்கப்பட்டது என்று உடனே எழுத்தில் மறுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். சமரச அலுவலரிடம் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.